தறி வீட்டில் சத்தமில்லாத பெட்டி

எங்கள் வீட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. அவை ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்குக்கூடக் கையைக் காட்ட வேண்டும். அதே வீட்டின் முன்னறையில்தான் என் மனைவி கம்ப்யூட்டரில் சேலைகளுக்கு டிசைன் போடுகிறாள். அந்த வீட்டுக்கு, சத்தமே போடாது என்று சொல்லி விற்கிற ஒரு பெட்டியைச் சாதாரணப் பெட்டியைவிட நாலு மடங்கு விலை கொடுத்து வாங்கியவன் நான்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது அதன் பின்பக்கம் மட்டும். எஸ்.எம்.பி.எஸ். என்கிற தகரப் பெட்டி அங்கேதான் இருக்கிறது. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி உள்ளே உள்ளவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கும். அதற்குள் ஒரு ஃபேன் உண்டு. எங்கள் வீட்டில் எப்போதும் பஞ்சுத் தூசி பறக்கும். ஃபேன் அதை இழுத்து இழுத்து உள்ளே கம்பளி மாதிரி சேர்த்துவிடும். பிறகு சூடேறி, ஒரு நாள் கருகிய வாடையோடு பெட்டி நின்றுபோகும். மூன்று வருடத்தில் இரண்டு பெட்டிகள் அப்படிப் போயின. இரண்டாவது போகும்போது ஹார்டு டிஸ்கையும் சேர்த்துக் கொண்டுபோனது. அவள் அதுவரை போட்ட டிசைன்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

அன்றைக்கு அவள் அழவில்லை. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இன்னொரு தடவ போச்சுன்னா நான் இதத் தொடமாட்டேங்க. மில்லு வேன் வருதுல்ல, அதுல ஏறி வேலைக்குப் போயிருவேன்."

அவள் திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரர் வீட்டுப் பெண். பன்னிரண்டாவது வரை படித்தவள். கல்யாணமாகி வந்த பிறகு, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துச் சேலைக் கரை வரையக் கற்றுக்கொண்டாள். பிறகு அதையே கம்ப்யூட்டருக்கு மாற்றினாள். ஒரு முந்தி முடிந்ததும் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, தலையைக் கொஞ்சம் ஒருபக்கமாக வைத்துப் பார்ப்பாள். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் முன்னறைக்குப் போவேன். அவளிடம் இதை இதுவரை சொன்னதில்லை. மில் வேனில் அவள் ஏறிப் போவதை நினைத்தபோது எனக்குத் தறி முன்னால் நிற்கவே பிடிக்கவில்லை.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் இரண்டு பெட்டிகளைக் காட்டினார். விலை கூடினதைத் தட்டி, "அண்ணாச்சி, இது பத்து வருசத்துக்குக் கேரண்டி. சத்தமும் இருக்காது" என்றார். வேறு என்ன வித்தியாசம் என்று கேட்க எனக்குக் கூச்சம். தலையை ஆட்டி வாங்கிவிட்டேன்.

எங்களோடு தறி ஓட்டும் என் மச்சான் இதைக் கேள்விப்பட்டு, தறியை நிறுத்திவிட்டே சிரித்தார்.

"ஏம் மாப்ள, இந்தக் கூப்பாட்டுக்குள்ள சத்தமில்லாத பெட்டி எதுக்கு? காது கேக்காதவருக்கு ரேடியோ வாங்குன மாதிரி இருக்கு."

பழுது பார்க்கிறவர் வீட்டுக்கு வந்து பெட்டியை மாட்டினார். நான் அவருக்குக் குடிக்கக் கலர் வாங்கி வரக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் அவளுக்கு அவசர வேலை. ஒரு கல்யாண ஆர்டருக்கான முந்தி டிசைன், அதைத் தறி அட்டையில் துளைகளாக அடிப்பவரிடம் போய்ச் சேர மாலை ஆறு மணி பஸ்ஸில் பென் டிரைவில் போக வேண்டும். காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் மயில் ஒன்றைப் புள்ளி புள்ளியாக எழுப்பிக்கொண்டிருந்தாள். மத்தியானம் உலை இறக்க அவள் எழுந்துபோன நேரத்தில் நான் தண்ணீர் குடிக்க வந்தேன்.

பஞ்சை ஊதித் தள்ளுவதற்கு வசதியாகக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியை நாங்கள் மூடுவதில்லை. வழக்கம்போலக் குனிந்து பார்த்தேன். புதுப் பெட்டியின் ஃபேன் அசையாமல் நின்றது. உள்ளங்கையைக் காட்டினேன், காற்றில்லை. கம்ப்யூட்டரின் விளக்கோ எரிந்துகொண்டிருந்தது.

தறிக்காரனுக்கு இதைவிடப் பயம் வேறில்லை. ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா சிக்கித் தறி இறுகிவிட்டால், கரண்டு பாய்ந்துகொண்டே மோட்டார் சுற்றாமல் நிற்கும். அப்படிக் கொஞ்ச நேரம் விட்டாலும் காயில் கருகிவிடும். அதனால் யோசிக்காமல் சுவிட்சை அணைப்போம். இருபத்தைந்து வருடப் பழக்கம். என் கை பெட்டியின் பின்னால் இருந்த சுவிட்சை அமுக்கிவிட்டது. மயிலோடு சேர்ந்து திரை இருண்டது.

அவள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்ன பண்ணுனீக?"

"ஃபேன் சுத்தல. கருகிரும்னு அமத்திட்டேன்."

"அது சூடானாத்தாங்க சுத்தும். மத்த நேரம் சும்மா நிக்கும். நேத்தே சொன்னாரே அவரு. நீங்க கலர் வாங்கப் போயிட்டீக."

மறுபடி போட்டுப் பார்த்தாள். காலையில் போட்ட கரை மட்டும் இருந்தது. மயில் சேமிக்கப்படவில்லை. அவள் கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பெட்டிகளைப் பஞ்சு கொன்றது. மூன்றாவது பெட்டி நன்றாக இருந்தும் அவள் வேலையை அழித்தது நான்தான்.

உள்ளே போய் நான்கு தறிகளையும் நிறுத்தினேன்.

வீடு அப்படி அமைதியாகி எனக்கு ஞாபகமில்லை. பகலில் வாசல் வேம்பில் அணில் கத்துவதே அன்றைக்குத்தான் கேட்டது. பிறகு மவுஸ் டக் டக்கென்று ஆரம்பித்தது. கம்ப்யூட்டரிலிருந்து வேறு ஒரு சத்தமும் இல்லை. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன். சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது.

ஐந்தரைக்கு அவள் பின்னால் சாய்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாள். காலையில் இருந்ததைவிட மயிலின் கழுத்து நன்றாக வந்திருப்பதாகச் சொன்னாள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிவதாகத் தலையாட்டினேன்.

அந்தப் பெட்டி இப்போதும் ஓடுகிறது. ஃபேன் பெரும்பாலும் சும்மா நிற்பதால் பஞ்சும் அதிகம் இழுப்பதில்லை. அதை மாட்டியபின் வேறு பெட்டி வாங்கவில்லை, அவளும் மில்லுக்குப் போகவில்லை. நாலு மடங்கு விலை சரியா என்று யாராவது கேட்டால், தூசி பறக்கிற வீடென்றால் சரிதான் என்று சொல்வேன். சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக மட்டும் வாங்குவதானால், முதலில் உங்கள் வீட்டில் வேறு என்ன சத்தம் இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு டிசைனை அனுப்பிவிட்டு வந்தவள், நான் தறியை மறுபடி ஓட்டப் போனபோது கதவருகே நின்றாள்.

"தெனமும் மத்தியானம் ஒரு மணி நேரம் இப்பிடி நிப்பாட்டுவீகளா?"

ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கெஜம் துணி குறையும் என்று மச்சான் சொல்லிப் பார்த்தார். நான் நிப்பாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.