குர்பான் ஆடும் பலாக்கன்றுகளும்

வானொலியில் ஊரடங்கு இல்லை என்று கேட்ட பிறகுதான் வீட்டை விட்டு இறங்குகிற காலம். மாத்தளைப் பக்கத்தில், மரக்கன்று கொடுத்து வளர்ப்பைப் பார்க்கும் அரசாங்க பீல்ட் ஒபிசராகச் சைக்கிளில் அலைந்தேன். பயமான காலம்தான், ஆனாலும் அந்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. இப்போது வலைக்கூடு போட்டுக் கன்று வளர்க்கும் தம்பிமாருக்காக இதைச் சொல்கிறேன்.

அங்கே முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்றும் அண்ணனை நாநா என்றும் அழைப்பார்கள். அன்று றஹீமா ராத்தாவின் காணிக்குள் நுழைந்ததும் பகீரென்றது. நர்சரியிலிருந்து நான் கொண்டுவந்து கொடுத்த பலாக்கன்றுகளில் பாதி மொட்டைக் குச்சி. நடுவில் கொழுத்த கிடா ஒன்று, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி ஆற அமரத் தின்றுகொண்டிருந்தது. ராத்தா பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன ராத்தா, வேடிக்கையா பாக்குறீங்க? அடுத்த மாசம் எங்க ஒபீஸ் பெரியய்யா இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றாரு. கன்னு இல்லேன்னா கவுர்மெண்டு குடுத்த காணிப் பெர்மிட்ட வெட்டிருவாரு. காணி போயிருங்க!" என்று கல்லை எடுத்தேன்.

"அல்லாவுக்காக எறிஞ்சிராதீங்க தம்பி!" என்று கத்தினார். "அது பக்கத்துக் காணி சம்சுதீன் நாநாட குர்பான் ஆடு. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுக்க வெச்சீக்குது. காலு நொண்டினா குர்பானுக்கு ஆகாது."

"அப்ப சுத்தி முள்ளாவது கட்டுங்க."

"கண்ணுல குத்தினா? குருடும் ஆகாது."

"அவரக் கட்டிப்போடச் சொல்லுங்களேன்!"

"செல்லிப் பாத்தேன். கட்டினா மெலிஞ்சிருமாம். அவரோட சண்டைக்குப் போக ஏலாது தம்பி. எங்கட மனிசன் மௌத்தான அண்டைக்குச் சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் குடுத்தவரு அவருதான்."

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. கணவனை இழந்தவர், இருப்பதே அந்தத் துண்டுக் காணி. அதையும் ஓர் ஆட்டுக்கு மரியாதை கொடுத்து விட்டுவிடுவாரா?

அப்போதுதான் நினைவு வந்தது: தேயிலைத் தோட்டத்தில் எங்கள் அப்பா முருங்கைக் கன்றுக்குச் சாணி கரைத்துத் தெளிப்பார். மாடு வாய் வைக்காது. தன் கழிவு நாறும் இலையைப் பிராணி தின்னாது. ஆட்டுக்கு ஆட்டுப் புழுக்கை. சம்சுதீன் நாநாவின் பட்டியிலேயே போய்க் கேட்டோம்.

"அள்ளிக்கிட்டுப் போங்க, எனக்கும் வேல மிச்சம்," என்று சிரித்தார் மனிதர். ஆடு யாருடைய கன்றைத் தின்கிறது என்ற கவலையே இல்லை!

ராத்தா புழுக்கையை ஊறவைத்துக் கரைத்து, ஈர்க்கு விளக்குமாற்றால் இலைக்கு இலை தெளித்தார். மழை கழுவினால் மறுபடியும் தெளிப்பார். மொட்டைக் குச்சிகள் துளிர்த்தன.

பெரியய்யா ஜீப்பில் வந்து இறங்கினார். இறங்கியதும் மூக்கைப் பொத்தினார். "என்ன இது, கக்கூஸ் மாதிரி நாறுது?"

"மூக்க விடுங்க ஐயா, பச்சையப் பாருங்க," என்றார் ராத்தா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து வந்தது கிடா. ராத்தாவின் உதடுகள் முணுமுணுத்தன. முதல் கன்றை முகர்ந்தது, தும்மியது. அடுத்ததிடம் போய்த் தலையை உதறியது. பிறகு வந்த வழியே நடந்துவிட்டது.

பெரியய்யா வாய்விட்டுச் சிரித்தார். "பெர்மிட் இருக்கட்டும் அம்மா," என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

ராத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "காணியும் ஈக்குது தம்பி. ஆட்டுக்கும் ஒரு கீறல் இல்ல. நாளைக்கும் நாநாட மொகத்துல முழிக்கலாம்."

ஊரும் ஊரும் வெட்டிக்கொண்டிருந்த அந்த வருடங்களில் இதை நான் பெரிய பாடமாகவே எடுத்துக்கொண்டேன். தம்பிமாரே, கன்றைக் காப்பாற்றுவது பாதி வேலைதான். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரிடம் நாளைக்கு ஒரு வாய் தண்ணீர் கேட்க முடிய வேண்டும்.