மலையுச்சிக்கு வந்து சேராத அரிசி

வேலுசாமி மருதாம்பாளுக்குப் பதினோராயிரத்து நானூற்று அறுபது ரூபாய் பாக்கி வைத்திருந்தார். பச்சைத்தேயிலைப் பணம். அவர் தின்ற பணம் அல்ல. குன்னூர்ப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களிடம் இலை வாங்கி ஃபேக்டரிக்கு ஏற்றுகிற ஏஜெண்ட் அவர். இலை கிலோ எட்டு ரூபாய்க்குச் சரிந்த வருஷம் ஃபேக்டரிக்காரன் கையை விரித்துவிட்டான். அந்த நியாயமெல்லாம் மருதாம்பாளுக்கு எதற்கு? அரை ஏக்கர்க்காரி. திங்கட்கிழமை தவறாமல் அவர் வீட்டு கேட்டில் வந்து நிற்பாள்.

"ஏம்ப்பா வேலுசாமி, இலையை உங்கிட்டத்தான போட்டேன்? ஃபேக்டரி மூஞ்சிய நான் பாத்தேனா?"

ஆறாம் வகுப்போடு நின்று, முதுகில் சாக்குச் சுமந்து, ஒருத்தன் தயவில்லாமல் இரண்டு லாரி வாங்கின மனுஷர். ஒரு பொம்பளை கேட்கிற கேள்விக்கு வாய் திறக்க முடியவில்லை.

மாடியில் குடியிருந்த மகேஷ் கம்ப்யூட்டரில் விளையாட்டு செய்கிறவர். அந்தக் காலத்து ராஜாக்கள் படை திரட்டிக் கோட்டை பிடிக்கிற விளையாட்டு. ஒருநாள் அதைப் போட்டுக் காட்டினார். பத்தாயிரம் பேர் ஒரு வாய் சோறு தின்னாமல் மாசக்கணக்கில் மலையுச்சியில் சண்டை போட்டார்கள். வேலுசாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏனுங் தம்பி, இவனுங்களுக்கு வயிறே இல்லீங்களா?"

"அதைத்தானுங்ணா சேர்க்கணும். கோட்டைல இருந்து படைக்கு அரிசி போற வழி. நீங்க கணக்குப் போட்டுக் குடுங்க. விளையாடிப் பாக்கறவங்க சரின்னுட்டா பன்னண்டாயிரம் தர்றேன்."

"இருவத்தெட்டு வருசமா இந்த மலைல சாக்கு ஏத்தி இறக்குறவன் நான். ஒரு வாரம் போதும்."

நாலு வாரம் ஆயிற்று. அடிவாரத்திலிருந்து உச்சிவரைக்கும் ஏழு கிடங்கு, எங்கே எத்தனை பொதிமாடு, எங்கே எடை போடுவது என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார். மகேஷ் அதை அப்படியே மிஷினுக்குள் ஏற்றினார். கீழே நூறு மூட்டை புறப்படும். மேலே படைக்கு எழுபது வேண்டும். போய்ச் சேருவதோ நாற்பத்தொன்று. படை பட்டினியில் சுருண்டு விழும்.

மாட்டைக் கூட்டினார்கள், கொண்டை ஊசி வளைவில் மாடுகள் முட்டிக்கொண்டு நின்றன. கிடங்கைக் குறைத்தார்கள், மாடு பாதியில் படுத்தது. இதற்கிடையே திங்கட்கிழமைகள் வந்தன, மருதாம்பாளும் வந்தாள்.

"உங்க மிஷின்லதான் ஓட்டை" என்றார் வேலுசாமி.

"உங்க அட்டைலதானுங்ணா. ராஜா செத்து இது முப்பதாவது தடவை. கருமாதி பண்ணியே நான் ஓய்ஞ்சுட்டேன்."

கடைசியில் மகேஷ் ஒவ்வொரு கிடங்கிலும் மூட்டையை எண்ணினார். நூறு, எண்பத்தெட்டு, எழுபத்தேழு, அறுபத்தெட்டு.

"எடை போடற எடத்துலயெல்லாம் நூத்துக்குப் பன்னண்டு காணாமப் போகுது. யாருங்ணா திங்கறது?"

"யாரும் திங்கல. அது கழிவு. ஈரம் இருக்கும், சாக்கு எடை இருக்கும். தராசுல ஏத்தினாக் கழிக்கணும். இதுகூடத் தெரியாதா?"

"இது அரிசிங்ணா. பச்சை இலை இல்ல."

வேலுசாமி தன் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். தராசைக் கண்டால் கழித்துப் பழகின கை. ராஜாவின் அரிசி என்றாலும் அதுபாட்டுக்குக் கழித்துவிட்டது.

கழிவை நீக்கினார்கள். நூறும் அப்படியே மேலே போனது, படை கொழுத்தது. எதிரிக்கு ஒரு வேலையும் இல்லை. மகேஷ் தலையில் கை வைத்தார்.

"இருங்க" என்றார் வேலுசாமி. "மாட்டுக்காரன் திங்க மாட்டானா? ஏறும்போதும் திம்பான், வெறுங்கையா இறங்கும்போதும் திம்பான். என்ற டிரைவருக்கு ரெண்டு வழிக்கும் நான் படி குடுக்கலையா?"

அதைச் சேர்த்தார்கள். எழுபத்துநாலு மூட்டை மேலே போனது. எதிரி மூன்றாவது கிடங்குக்குத் தீ வைத்தால் நாலே நாளில் படை மலையிறங்கி ஓடியது. விளையாடிப் பார்த்தவர்கள், இதுதான் சண்டை என்று எழுதினார்கள். படித்த பிள்ளைகள் யாருக்கும் தோன்றாத கணக்கு அது.

ஃபேக்டரிக்காரன் இன்றுவரை ஒரு பைசா தரவில்லை. அது வேறு எரிச்சல். மகேஷ் கொடுத்த பன்னிரண்டாயிரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வியாழக்கிழமை அவரே மருதாம்பாள் வீட்டுக்குப் போனார். அவள் செடிக்கு நடுவில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, சாக்குப்போக்குச் சொல்ல ஊட்டுக்கே வந்துட்டயா?"

"கைய நீட்டுங்கக்கா."

மண் ஒட்டின கையைச் சேலையில் துடைத்து நீட்டினாள். ஐநூறு ரூபாய் நோட்டாக இருபத்திரண்டு, ஒவ்வொன்றாய், வாய்விட்டு எண்ணி வைத்தார். அதன்மேல் நாலு நூறு, ஓர் ஐம்பது. பத்து ரூபாய் நோட்டைக் கடைசியாக வைத்து, காற்றில் பறக்காதபடி அவள் விரல்களை மடக்கிவிட்டார்.