முத்து, பவளம், மாணிக்கம், மலர் அக்கா

எங்கள் தொழிலில் வேலை ஒழுங்காக நடந்தால் நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள். சர்வர் அறையின் ஏர்கோன் குளிரில் விறைத்தபடி "இன்னும் ரெண்டே நிமிஷம் பாஸ்" என்று ஒருமுறையாவது சொன்னவர்கள் இதைப் படித்துத் தலையாட்டலாம். மற்றவர்களும் படிக்கலாம், பாதகமில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கணினிப் பராமரிப்பு நிறுவனம். முதலாளியைக் கழித்தால் நானும் டெரன்ஸும். எங்கள் வேலையில் பாதிக்குமேல் ஒரே ஒருவருக்காக. அவர் துறைமுக நகரான கிள்ளானில் லோரி நிறுவனம் வைத்திருக்கும் தனபாலன். அவர் போனால் நாங்கள் இருவரும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

அவரிடம் முன்பு ஒரே ஒரு சர்வர் இருந்தது. எந்த லோரி எந்தக் கொண்டெய்னரை எடுக்க வேண்டும் என்ற விவரமெல்லாம் அதற்குள்தான். அது ஒரு திங்கட்கிழமை செத்தது. லோரிகள் துறைமுக வாசலில் ஒன்றரை நாள் நின்றன. மறுநாள் அவர் அந்தப் பெட்டியைத் தானே சுமந்துகொண்டு படியேறி வந்து என் மேசைமேல் வைத்தார். மூச்சு வாங்கி முடித்துச் சொன்னார்: "இனிமே ஒரு தடவ உங்களால என் லோரி கேட்டுல நின்னுச்சு, இந்தப் பெட்டி மாதிரியே உங்களையும் தூக்கி வெளிய வச்சிடுவேன் தம்பி."

மூன்றாவது ஆள்

ஆகவே மூன்று சர்வர்கள். ஒன்றில் எழுதுவது அந்தக் கணமே மற்ற இரண்டிலும் எழுதப்படும். தனபாலனின் அலுவலகக் கணினிகள் எல்லாம் இந்த மூன்றுக்குள், மென்பொருளால் ஆன மெய்நிகர் கணினிகளாக ஓடும். ஒரு சர்வர் விழுந்தால் அதில் ஓடியவை இன்னொன்றில் எழுந்துகொள்ளும். தகவல் அங்கே தயாராக இருக்கும். லோரிகளை அனுப்பும் பொறுப்பிலிருந்த மலர் அக்கா அவற்றுக்கு முத்து, பவளம், மாணிக்கம் என்று பெயரிட்டு ஸ்டிக்கர் ஒட்டினார். நாங்கள் கொடுத்திருந்த எண்கள் அன்றோடு ஒழிந்தன.

"ரெண்டு போதாதா? மூனு எதுக்கு?" என்று தனபாலன் கேட்டார். இரண்டு மட்டும் இருந்து, நடுவில் இருக்கும் கேபிள் அறுந்தால், ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தானே தலைவன் என்று எழுத ஆரம்பிக்கும். பிறகு எது உண்மையான கணக்கு என்று யாராலும் சொல்ல முடியாது என்றேன். மூன்று இருந்தால், எந்த இரண்டு சேர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் பெரும்பான்மை. தனியாக மாட்டிக்கொண்டது தானாக வாயை மூடிக்கொள்ளும். வழக்கமாக இந்த இடத்தில் வாடிக்கையாளர்களின் கண்கள் மங்கிவிடும். தனபாலனின் கண்கள் ஒளிர்ந்தன. அவர் ஒரு கோயில் நிர்வாகத்தின் செயலாளர். ஒரே ஆண்டில் இரண்டு தலைவர்களையும் இரண்டு முத்திரைகளையும் ஒரே திருவிழாவுக்கு இரண்டு நோட்டீஸ்களையும் பார்த்தவர். "கோரம்! போதுமான ஆளு இல்லன்னா கூட்டம் செல்லாது, அதானே?" என்றார். அதேதான் என்றேன். சிறிது யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இந்த மூனாவது ஆளு, எந்தப் பக்கத்துலயும் பிரியாணி வாங்கிச் சாப்பிட மாட்டான்ல?"

பிளக் பிடுங்கிய நாள்

நம்பிக்கை வர வேண்டுமானால் தன் கையாலேயே ஒரு சர்வரின் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்றார் தனபாலன். நாள் குறிக்கப்பட்டது. நானும் டெரன்ஸும் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். போய்ப் பார்த்தால் அலுவலகத்தில் பதினைந்து ஓட்டுநர்கள், இரண்டு தட்டு கறிபாப் பலகாரம், ஒரு பெரிய வாளியில் ரோஸ் சிராப். சர்வர் அறைக்குள் எல்லாருக்கும் இடமில்லாததால் உயரமானவர்கள் பின்னால் நின்றார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார்.

தனபாலன் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு முத்துவின் பிளக்கைப் பிடுங்கினார். மலர் அக்காவின் திரை உறைந்தது. டெரன்ஸ் சட்டைக்குள் இருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு நிமிடத்தில் திரை திரும்பி வந்தது. அக்கா கடைசியாகப் பதிவு செய்திருந்த லோரி எண் அதே இடத்தில் இருந்தது. நான் என் வாழ்க்கையில் பார்த்த அழகான விஷயங்களில் அதுவும் ஒன்று. பின்வரிசையிலிருந்து ஓர் ஓட்டுநர் கறிபாப்பை மென்றபடி சொன்னார்:

"அவ்வளவுதானா? நான் புகையாச்சும் வரும்னு நெனச்சேன் லா."

சேர்ந்து மறந்தவர்கள்

ஒரு வெள்ளிக்கிழமை, மலர் அக்கா அடுத்த வாரத்து லோரி அட்டவணையைத் தவறுதலாக அழித்துவிட்டார். பதறவில்லை. மூன்று இடத்தில் இருக்கிறதே என்ற தைரியம். எனக்குப் போன் செய்து, "ஒன்னும் அவசரம் இல்ல தம்பி, தே தாரிக் குடிச்சிட்டே எடுத்துக் குடுங்க" என்றார்.

முத்துவில் அழித்ததைப் பவளமும் மாணிக்கமும் அந்தக் கணமே மிக விசுவாசமாக அழித்துவிட்டன என்பதை நான் விளக்க வேண்டியிருந்தது. மூன்று சர்வர்கள் இருப்பது ஒன்று விழுந்தால் தாங்குவதற்கு. மனிதர் செய்யும் தவறைத் தாங்க வேறிடத்தில் பழைய நகல் வேண்டும். அப்படி ஒன்று எங்களிடம் இருந்தது. ஆனால் அது முந்தைய நாள் எடுத்தது; அக்கா அட்டவணையைத் தயாரித்ததோ அன்று காலை. கடைசியில் ஓட்டுநர்கள் தத்தம் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்த படங்களை வாங்கி, அக்காவே மீண்டும் தட்டச்சு செய்தார். முடித்துவிட்டு ரொம்ப நேரம் அந்த மூன்று பெட்டிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் தம்பி மூனு பேரு இருக்கீங்க, ஒருத்தனுக்குக்கூட ஞாபகம் இல்லையா?"

கூட்டம் கலைந்தது

ஆயுத பூசையன்று கிள்ளானில் லோரிகளைக் கழுவி, பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். நம் தமிழர்களின் கடைகளிலும் பட்டறைகளிலும் கருவிகளுக்கு அன்று ஓய்வு. துறைமுகத்துக்கு மட்டும் ஓய்வு கிடையாது. பூசை முடித்த லோரிகள் ஐந்தைத் தனபாலன் காலையிலேயே அனுப்பிவிட்டார். அதன் பிறகு பூசாரி சர்வர் அறைக்குள் வந்திருக்கிறார்.

சூடம் காட்டும்போது கருவி ஓடிக்கொண்டிருக்கக் கூடாது என்பது பூசாரியின் கட்சி. ஒன்றை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது என்பது நான் அக்காவுக்குச் சொல்லியிருந்தது. அக்கா முத்துவை நிறுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. அந்த நம்பிக்கையில் பவளத்தையும் நிறுத்தினார். மாணிக்கம் சுற்றுமுற்றும் பார்த்தது. தன்னைத் தவிர யாரும் இல்லை. தனியாக எழுதித் தப்பு செய்வதைவிட எழுதாமலே இருப்பது மேல் என்று நின்றுகொண்டது. நாங்கள் அதற்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். ஐந்து லோரிகளும் துறைமுக வாசலில் நின்றன. என் கைப்பேசி அடித்தது. என் வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். ஆனால் தனபாலனின் குரலில் கோபம் இல்லை. ஒரு செயலாளரின் சோர்வு மட்டுமே இருந்தது.

"தம்பி, ரெண்டு பேரு எழுந்து போய்ட்டாங்க. கோரம் இல்ல. கூட்டம் கலைஞ்சிடுச்சு."

மணிச்சத்தம்

சர்வர்களுக்கு ஏதாவது ஆனால் டெரன்ஸின் கைப்பேசிக்கு எச்சரிக்கை வரும். அதற்கு அவன் கோயில் மணிச்சத்தத்தை வைத்திருந்தான். ரவாங்கில் அவன் குடும்பம் போகும் தேவாலயத்தில், ஞாயிறு பூசை நடுவில், எல்லாரும் முழங்காலில் இருக்கும்போது அது அடித்தது. அடிக்கக் கூடாத நேரத்தில் மணி அடித்ததால் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். டெரன்ஸ் வெளியே ஓடிப்போய்ப் பார்த்தான். பவளத்தின் தகவல் வட்டு சற்றுச் சூடாக இருக்கிறதாம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபடி அவன் அம்மா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்:

"ஆண்டவர் கூப்புட்டா திரும்பிப் படுத்துக்குவ, அந்தப் பெட்டி கூப்புட்டா மட்டும் ஓடுவியா?"

முத்துவின் ஓய்வு

அடுத்த ஆயுத பூசை. போன வருடம் நின்றது தன் தப்பு, அடுத்தது எங்கள் தப்பாகத்தான் இருக்க முடியும் என்று தனபாலன் ஏற்கெனவே சொல்லிவிட்டார். அதனால் நானும் டெரன்ஸும் நேரில் போனோம். ஒரு திட்டம் வைத்திருந்தோம்: முறை வைத்து ஓய்வு. ஒன்றை நிறுத்தி, சூடம் காட்டி, எழுப்பி, அது தூங்கிய நேரத்தில் விட்டுப்போனதையெல்லாம் மற்ற இரண்டிடமிருந்தும் எழுதிக்கொள்ளும்வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்தது. பூசாரி கேட்டுக்கொண்டார். எவ்வளவு நேரம் ஆகும் என்றார். இருபது நிமிடம் இருக்கலாம் என்றேன். "ஒவ்வொன்னுக்கும் இருபதா? சரி, நடுவுல நான் பக்கத்து டயர் கடைய முடிச்சிட்டு வந்துடறேன்" என்றார்.

மலர் அக்கா மூன்றுக்கும் செவ்வந்தி மாலை சாத்தியிருந்தார். "போன வருஷம் முத்துவுக்குத்தான் மொதல்ல. இந்த வருஷம் பவளத்துக்கு" என்று பவளத்தின் பொத்தான்மேல் விரலை வைத்தார். பூசை முடிந்த ஆறு லோரிகள் ஏற்கெனவே துறைமுகத்துக்குப் போய்விட்டிருந்தன. பூசாரி சூடத்தை ஏற்றினார். நான் மாலைகளைப் பார்த்தேன். சர்வரின் விசிறி முன்பக்கமாகக் காற்றை உள்ளே இழுக்கும். பவளத்தின் மாலையில் இதழ்கள் நடுங்கின. மாணிக்கத்தின் மாலையிலும் நடுங்கின. முத்துவின் மாலை அசையாமல் தொங்கியது.

"அக்கா, கைய எடுங்க!"

நான் கத்திய கத்தலில் பூசாரியின் தட்டு ஆடியது. அக்கா விரலை எடுத்தார். முத்துவின் மாலையை விலக்கினேன். ஒரு விளக்குகூட எரியவில்லை. டெரன்ஸ் பதிவுகளைத் தேடிப் பார்த்தான். முத்து செத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகம் பூட்டியிருந்தபோது. அதில் ஓடியவை இரண்டு நிமிடத்தில் பவளத்துக்கு மாறி, திங்கள் காலை யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அம்மாவின் வாக்கியத்துக்குப் பிறகு டெரன்ஸ் மணியை அடக்கியிருந்தான். ஞாயிற்றுக்கு மட்டும் என்று நினைத்து, எல்லா நாளுக்கும். எனக்கு மின்னஞ்சலும் வந்திருந்தது. எச்சரிக்கைகள் தொந்தரவு செய்யாமலிருக்க நான் அவற்றுக்கென்று ஒரு தனி இடம் ஒதுக்கி, அதைத் திறக்காமலிருப்பதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன். அக்கா அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால் ஆறு லோரிகளும் நின்றிருக்கும், எங்கள் தப்பால்.

மறைக்க வழியில்லை. எல்லாவற்றையும் தனபாலனிடம் சொன்னேன். அவர் முத்துவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டெரன்ஸைப் பார்த்தார். "ஒன்னு செத்தாலும் எனக்குத் தெரியாதுன்னு சொன்னீங்க. தெரியல. சொன்ன மாதிரி செஞ்சிட்டீங்க" என்றார். நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். "ஆனா உங்களுக்கே தெரியலன்னா, நீங்க எதுக்கு?" என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது மலர் அக்கா சொன்னார்: "விடுங்க பாஸ். லோரி நிக்கலல? நாளையிலருந்து நான் காலையில போன் பண்ணி இவங்களுக்கு அட்டென்டன்ஸ் எடுக்கிறேன்." தனபாலன் யோசித்தார். கோயில் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறும்போது ஆட்டுவதுபோல ஒருமுறை தலையை ஆட்டினார். எங்களுக்கு வேலை இருந்தது. பூசாரி தொண்டையைக் கனைத்தார்.

"அப்ப முத்துவுக்கு இன்னிக்கு ஆயுத பூசையா, கருமாதியா? ரெண்டுக்கும் சாமான் வேற வேற லா."

முத்து புதிய உறுப்புகளோடு மறுவாரம் எழுந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு மலர் அக்கா கிள்ளானிலிருந்து அழைத்து, "முத்து வந்தாச்சு, பவளம் வந்தாச்சு, மாணிக்கம் வந்தாச்சு, நீங்க ரெண்டு பேரும் முழிச்சிட்டீங்களா?" என்று கேட்கிறார்.

எது விழுந்தாலும் எதுவும் நிற்காதபடி எல்லாவற்றையும் மும்மூன்றாக வைத்துக் கட்டிய எங்கள் அமைப்பில், நகல் இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பது இப்போது மலர் அக்கா மட்டும்தான்.