குவார்ட்டர்ஸ் நம்பர் கேட்ட தண்ணி

நெய்வேலியில கடைசி பிளாக் மதிலு முடிஞ்சி, முந்திரித் தோப்பு ஆரம்பிக்கற எடத்துலதான் எங்க இருளர் குடியிருப்பு. இருபத்திரெண்டு வூடு, ஒரே ஒரு அடிபம்பு. அடிச்சா செங்காவி நெறத்துல தண்ணி வரும். அதுல சோறு ஆக்குனா மஞ்சளாவும். பழைய சேலைய நாலா மடிச்சி வடிகட்டிதான் குடிப்போம். செவப்பு கொறையும், நாத்தம் அப்படியேதான் இருக்கும்.

எம்பொண்ணுக்கு அப்ப ஒன்றர வயசு. மாசத்துக்கு ரெண்டு தடவ வவுத்தால போவும். ஒரு தடவ துணி மாதிரி தொவண்டு போனத ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடுனேன். டாக்டரம்மா பாத்துட்டு, "நல்ல தண்ணி குடும்மா. இனிமே இப்படிக் கொண்டாந்தீன்னா கொழந்த தாங்காது"ன்னாங்க. அவங்க மேல எனக்குக் கோவமில்ல. கோவப்படறதுக்கு வேற ஆளுங்க நெறைய இருந்தாங்க.

நான் வேல பாத்தது நெலக்கரிக் கம்பெனி டவுன்ஷிப்புல, குவார்ட்டர்ஸ்காரங்க சேந்து நடத்தற ஒரு சங்கத்துல. கான்ட்ராக்ட்டுல தோட்டவேல. காலையில போனதும் புல்தரைக்கு ஹோஸ் புடிக்கணும். நல்ல தண்ணி, குடிச்சா இனிக்கும். புல்லு ஒரு நாளு வாடுனா போதும், "என்னாம்மா, தண்ணி வுடறியா தூங்கறியா"ன்னு அதட்டுவாங்க. சாயங்காலம் ரெண்டு பாட்டில்ல புடிச்சிகினு போவேன். சங்கத்துச் செயலாளர் ஒருநாள் அத பாத்துட்டாரு. "இதெல்லாம் பழக்கமாயிடும்மா, வேணாம்"னாரு. ஆமா, தண்ணி குடிக்கறது பெரிய கெட்ட பழக்கம் பாரு! அன்னைக்கோட பாட்டிலும் நின்னுச்சி.

அதே மனுசனுக்குத்தான் ஒருநாள் எங்க மேல பாசம் பொத்துகினு வந்துச்சி. பழங்குடி மக்களுக்குச் சுத்தமான குடிநீர்னு பேனர் அடிச்சி, மதிலு ஓரமா தண்ணி மெஷின் ஒண்ணு கொண்டாந்து வெச்சாங்க. பந்தல் என்னா, சால்வ என்னா, மாத்தி மாத்தி ஒருத்தர ஒருத்தர் புகழ்ந்துகினது என்னா! போட்டோ எடுக்கறப்ப செயலாளர் எங்கிட்ட வந்து மெதுவா, "ஒம் புருசன பாம்பு ஏதாவது புடிச்சாரச் சொல்லும்மா, படம் நல்லா இருக்கும்"னாரு. எம் புருசன் மரநாய பாத்தாலே ரெண்டு காலும் பின்னிக்கும். இருளர்னா பாம்பு புடிக்கணுமாம். பாம்பாம் பாம்பு. நாக்க புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு இருந்துச்சி. தண்ணிக்காக வாய மூடிகினேன்.

மெஷின்ல தண்ணி வரணும்னா கார்டு காட்டணும். கார்டு வேணும்னா பாரம் எழுதித் தரணும். எங்க ஆளுங்கள்ல பன்னெண்டாவது படிச்சவ நான் ஒருத்திதான். எல்லா வூட்டுக்கும் நானே குந்தி எழுதுனேன். பேரு, பிளாக் நம்பர், குவார்ட்டர்ஸ் நம்பர், அவ்ளோதான் கட்டம். "சார், எங்களுக்கு ஏது குவார்ட்டர்ஸ்?"னு கேட்டேன். "இருக்கறத எழுதும்மா"ன்னாரு செயலாளரு. இல்லைன்னுதான் இருக்கு, இல்லைன்னே எழுதுனேன். இருபத்திரெண்டு பாரமும் அப்படியே திரும்பி வந்துச்சி. முழுசா நிரப்பலையாம், கம்ப்யூட்டர் ஒத்துக்கலையாம்.

அவங்க வேணும்னு செய்யல, அதான் இன்னும் கேவலம். வேலைக்குச் சேந்த நாள்லேருந்து ரிட்டயர்டு ஆவற வரைக்கும் அந்த ரெண்டு நம்பர எழுதியே வாழறவங்க. லைப்ரரின்னாலும் அதான், கல்யாணப் பத்திரிகைன்னாலும் அதான். நம்பர் இல்லாம ஒரு மனுசன் உசுரோட இருப்பான்னு அந்த மண்டைங்களுக்கு ஏறாது. யாருக்குத் தண்ணின்னு பேனர்ல எழுதுனவங்களே பாரத்துல மறந்துட்டாங்க. நம்பர் இருக்கறவங்களுக்குக் கார்டு டக்குனு வந்துச்சி. காலையில வாக்கிங் வரவங்க ஸ்கூட்டர்ல கேன் கேனா புடிச்சிகினு போனாங்க. "ஒரு கை குடும்மா"ன்னு எங்கள கூப்புட்டே கேன தூக்கி வெக்கச் சொன்னாங்க. வெக்கங்கெட்ட ஜென்மங்க! நாங்களும் தூக்கி வெச்சோம்.

எம்பொண்ணுக்கு மறுபடியும் வவுத்தால போவ ஆரம்பிச்சிது. கண்ணு உள்ள போயிடுச்சி. அழுதா கண்ணீரே வரல. அன்னைக்கே புதுசா இருபத்திரெண்டு பாரம் வாங்கியாந்தேன். பிளாக் நம்பர், குவார்ட்டர்ஸ் நம்பர் ரெண்டு கட்டத்துலயும் எல்லாத்துக்கும் செயலாளர் வூட்டு நம்பரையே எழுதுனேன். அவரு கேட்டுல மாட்டியிருந்த பித்தள நம்பர தொடைக்கறதே நான்தான, எனக்குத் தெரியாதா? கட்டத்துல நம்பர் இருக்குல்ல, கம்ப்யூட்டர் கம்முனு ஒத்துகிச்சி. மூணாம் நாளு இருபத்திரெண்டு கார்டும் நேரா அவரு வூட்டுக்குப் போய் எறங்குச்சி.

ஆளு வுட்டு கூப்புட்டாரு. எம்பொண்ண தோள்ல போட்டுகினு வாசல்ல நின்னேன். அவரு மொகம் செவந்து கெடந்துச்சி. "பிளாக்ல பாக்கறவன் என்னா நெனப்பான்? எங்க வூட்ல இருபத்திரெண்டு இருளர் குடும்பம் இருக்குன்னா?" பொய் எழுதுனது கூட இல்ல, அதான் அவருக்குப் பெரிய அசிங்கமா போச்சி. கத்திரிய எடுத்து ஒவ்வொண்ணா வெட்டுனாரு. எங்க தெருவே ஒண்ணொண்ணா அவரு காலடியில விழுந்துச்சி.

"சார், கொழந்தய பாருங்க சார்"னேன். தலைய தூக்கிப் பாத்தாரு. ஒரு கார்டு மிச்சமிருந்துச்சி. "சரி, நம்ம தோட்டத்துப் பொண்ணாச்சி. ஒனக்கு மட்டும். யார்கிட்டயும் சொல்லாத"ன்னு நீட்டுனாரு.

மூஞ்சியில வுட்டெறிஞ்சிட்டு வந்திருக்கணும். நான் அந்த ஒரு கார்ட கண்ணுல ஒத்திகினு, "நல்லா இருப்பீங்க சார்"னு கும்புட்டேன்.

மெஷின்ல ஒரு கொடம் புடிச்சேன். முந்தானையால கொடத்து வாய மூடி இடுப்புல வெச்சிகினு குடியிருப்புக்குள்ள வந்தேன். பக்கத்து வூட்டுக்காரி எதிர்ல வந்து, "கார்டு வந்துச்சாக்கா? கொடத்துல என்னா?"ன்னு கேட்டா.

"எங்க வந்துச்சி? அடிபம்புத் தண்ணிதான்"னேன்.

நான் வந்தது மெஷின் இருக்கற மதிலு பக்கத்துலேருந்து. அடிபம்பு அவளுக்குப் பின்னாடி இருந்துச்சி. அவ கொடத்த பாத்தா, என்ன பாத்தா, வழிய வுட்டு ஒதுங்குனா. அவ இடுப்புல இருந்த புள்ளைக்கும் மூணு நாளா வவுத்தால போய்கினு இருந்துச்சி.