ஜப்பான் இல்லாத ஆசியா

காலை பதினொன்றே கால் மணிக்குச் சீனா என் முந்தானையைப் பிடித்து இழுத்தது.

சீனா என்றால் என்னோடு ஒன்பதாம் வகுப்பில் படித்த அரிசி மில் வீட்டுப் பெண். நான் ஜப்பான். எங்களுக்கு முன்னால் பர்மாவும் இந்தோனேசியாவும் மேடையேறக் காத்திருந்தன. திண்டிவனத்தில் நான் படித்த பெண்கள் பள்ளியின் மைதானத்தில், கல்வி அதிகாரிக்கு முன்னால், எங்கள் வகுப்பு ஆசியாக் கண்டமாக வரிசையில் நின்ற நாள் அது. அந்த நிமிஷம் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுத வைத்தது என் மகள். இப்போது விழுப்புரத்தில் இருக்கிறோம், அவளும் ஒன்பதாவதுதான். போன வாரம் அவள் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ஆசியப் பண்பாட்டு தினம், உங்கள் மகள் கொரியா, உடைக்கு ஏற்பாடு செய்யவும். மற்ற அம்மாக்கள் எல்லோரும் கைகூப்பும் பொம்மையைப் போட்டுப் பதில் அனுப்பிவிட்டார்கள். நான் மட்டும் அந்தச் செய்தியை நாலு தடவை படித்தேன். உடைகளை வாடகைக்கு விடும் கடைக்கு அவளை அழைத்துப் போனேன். “இது யாருடையது?” என்று கேட்டேன். “கடையோடதுதான் மேடம்” என்றார் கடைக்காரர். பத்து நிமிஷத்தில் மறுபடியும் கேட்டேன். வாசலில் இறங்கும்போதும் திரும்பிப் பார்த்துக் கேட்டேன். “மேடம், நூறு பேர் போட்டதுதான். யார் யாருன்னு நான் எங்க போய்த் தேடுவேன்?” என்று அவர் சிரித்துவிட்டார். “மானம் போவுதும்மா” என்று மகள் என் கையைக் கிள்ளினாள்.

நூறு பேர் உடம்பில் ஏறி இறங்கிய உடையை எந்த வீடும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு போகிறது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படத்தான் வேண்டும். எனக்கு ஆத்திரமாக வந்தது.

எங்கள் சமூக அறிவியல் டீச்சர் மிக நன்றாகப் பாடம் நடத்துவார். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புத்தகத்தைப் பிரிக்கவே மாட்டார். வகுப்பையே ஆசியாவாக்கிவிடுவார். வாசல் பக்கத்து பெஞ்சுகள் அரேபியா. நடுவில் எங்கள் புத்தகப் பைகளை வாங்கிக் குவித்தால் அது இமயமலை. கடைசி வரிசை ரஷ்யா; அங்கே உட்கார்ந்தவர்கள் குளிரில் நடுங்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வரும்போது ஒரு பக்கத்துப் பெண்கள் நோட்டால் விசிறுவார்கள், காற்று பைகளில் முட்டும், “மழை!” என்று டீச்சர் கத்துவார். மாணவிகளுக்குள் பெயர்கூட மாறிப்போயிற்று. “அடியே ஈரான், பேனா குடுடி” என்பார்கள்.

ஜன்னலோரம் கிழக்குப் பக்கமாகத் தனியாகக் கிடந்த பெஞ்சு எங்களுடையது. அதில் மூன்று பேர். ஊர்த்துணி வெளுப்பவர் மகள் நான். தெருக்கூட்டும் அம்மாவின் மகள் ஒருத்தி. காலனியிலிருந்து வருபவள் இன்னொருத்தி. ஆறாம் வகுப்பிலிருந்தே நாங்கள் மூவரும் ஒன்றாகத்தான் உட்காருவோம். யார் உட்காரச் சொன்னார்கள் என்று நினைவில்லை. யாரும் சொல்லியிருக்கத் தேவையும் இல்லை. டீச்சர் எங்கள் பெஞ்சைக் காட்டி, “பாருங்க, இதுதான் ஜப்பான். நாலு பக்கமும் கடல். யாரோடயும் ஒட்டாத தீவு” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடிப் போய், நான் ஜப்பானாகிவிட்டேன் என்று சொன்னேன்.

பட்டுப் பாதை பாடத்தன்று டீச்சர் ஒரு பை நிறைய வறுத்த வேர்க்கடலை, எங்கள் ஊர் மல்லாட்டை, கொண்டுவந்தார். சீனா பெஞ்சில் கொடுத்து, கைமாற்றி அரேபியாவுக்கு அனுப்பச் சொன்னார். வழியில் ஒவ்வொரு நாடும் சுங்கம் எடுத்துக்கொள்ளலாம். பை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே தோல்தான் இருந்தது. வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. “எங்களுக்கு டீச்சர்?” என்று நான் கேட்டேன். பட்டுப் பாதை ஜப்பானுக்குப் போகவில்லை என்றார். பாடம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பாதையில் போன சரக்கு கடலையும் தாண்டி ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைக் கல்லூரி நூலகத்தில்தான் படித்தேன்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். வகுப்பில் நடப்பதையே மேடையில் காட்டுவதென்று டீச்சர் முடிவு செய்தார். ஒவ்வொரு நாடாக மேடையேறி, தன் நதி, தன் பயிர், தன் கலை என்று பேச வேண்டும். மனப்பாடம் எனக்கு நன்றாக வரும் என்பதால் எங்கள் பெஞ்சிலிருந்து என்னை எடுத்தார். “வீட்ல ஒரு பட்டுப்புடவை கேட்டு எடுத்துட்டு வா. கிமோனோ மாதிரி நான் சுத்தி விடறேன்” என்றார்.

எங்கள் வீட்டுக்கென்று ஒரு பட்டுப்புடவையும் கிடையாது. ஆனால் திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் இருந்த அளவுக்குப் பட்டுப்புடவைகள் வேறு எந்த வீட்டிலும் இருந்திருக்காது. பட்டை அலசுவதில் அப்பாவுக்குப் பெயர் உண்டு. பூந்திக்கொட்டை நுரையில் அமுக்கி எடுத்து, முறுக்காமல் நிழலில் உலர்த்தி, இஸ்திரிப் பெட்டி போட்டு அடுக்கி வைப்பார். வந்த துணி உடம்பில் ஏறக் கூடாது என்பது அவர் சட்டம். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு வேறு சட்டம். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகும்போதெல்லாம் நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போய், மறுநாள் அலசி மடித்துவிடுவாள். வெளுக்கிற வீடுகள் எல்லாவற்றிலும் இது நடந்ததுதான். ஊருக்கும் பாதி தெரியும்.

“மார்கழியில எவ பட்டு கட்டப்போறா?” என்றாள் சித்தி. “தை பொறக்கறவரிக்கும் இதெல்லாம் நம்ம வூட்லதான் தூங்கிக்கினு கெடக்கும். கட்டிக்கினு ஆடிட்டு ஜல்தியா கொண்டாந்துடு. உங்கப்பன் கண்ல மட்டும் காட்டாத, பேஜாராயிடும்.” துணியை ஆவியில் அவிக்கிற வெள்ளாவி அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா, காதில் விழாதவள் போல விறகை உள்ளே தள்ளினாள்.

சித்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புடவை ஓரத்தில் சேராங்கொட்டை மசியால் வைத்த குறியைப் பார்த்து எது எந்த வீட்டுத் துணி என்று சொல்லிவிடுவாள். கிளிப்பச்சையில் அரக்கு பார்டர் போட்ட ஒன்றை உருவினாள். நகைக்கடை வீட்டுக் குறி இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் படிக்கவில்லை; அங்கிருந்து ஒருவரும் வர மாட்டார்கள். குறி சரிதான். ஆனால் புடவை அந்த அம்மாளுடையது அல்ல, இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அக்கா வீட்டுக்கு விருந்து வந்த தங்கை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனது. அந்தத் தங்கைதான் அரிசி மில் வீட்டம்மாள். குறி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லும், யார் உடுத்தியது என்று சொல்லாது.

“ஏய், நில்லுடி” என்றது சீனா, முந்தானையை விடாமல். “இது எங்கம்மா பொடவ.”

“இல்ல.”

“இன்னா இல்ல? இந்தப் பொத்தலப் பாரு. தீவாளிக்கு நான்தான் மத்தாப்பு வெச்சி ஓட்ட போட்டேன். அதுக்கு வாங்கின அடி எனக்குத்தான் தெரியும்.”

“சீனாவுலருந்துதான் எல்லா ஊருக்கும் பட்டு போச்சின்னு டீச்சரே சொன்னாங்க இல்ல?” என்றது பர்மா. வரிசையே சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன். சீனா சிரிக்கவில்லை. பந்தல் பக்கம் ஓடியது.

பந்தல் போட்டுக் கொடுத்ததே அரிசி மில்காரர்தான். அதனால் அவர் மனைவி அதிகாரிக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகள் காதில் சொன்னதும் எழுந்து வந்தார். சத்தம் போடவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு டீச்சரிடம்தான் கேட்டார்.

“யாரு பொண்ணு இது?”

டீச்சர் சொன்னார்.

“ஓ, துணி எடுக்க வர்றவன் பொண்ணா? அவுக்கச் சொல்லுங்க டீச்சர். அவன வரச் சொல்லி ஆள் அனுப்புங்க.”

கிமோனோவுக்குக் குத்திய பின்னூசிகளை டீச்சர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். முதுகுப் பக்கம் புடைப்பாகத் தெரிய வேண்டும் என்று உள்ளே வைத்துக் கட்டியிருந்த இரண்டு பாடப்புத்தகங்கள் கீழே விழுந்தன. உள்ளே சீருடை போட்டிருந்தேன். டீச்சர் என்னைத் திட்டவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை. “அந்த வேப்பமரத்துக்கிட்ட போய் நில்லு” என்றார்.

ஆசியா மேடையேறியது. கொரியா வரைக்கும் பேசி முடித்தபின், கையில் நிகழ்ச்சி நிரலை வைத்திருந்த அதிகாரி கேட்டார்: “ஜப்பான் எங்கம்மா? காணோமே?”

டீச்சர் மைக்கைப் பிடித்தார். “ராத்திரி நிலநடுக்கம் சார். ஜப்பான் கடலுக்குள்ள போயிடுச்சு!”

பந்தல் முழுக்கச் சிரிப்பு. அதிகாரி தொடையில் தட்டிச் சிரித்தார். மரத்தடியில் நின்ற நானும் சிரித்தேன். டீச்சர் என்னைக் காட்டிக் கொடுக்காமல் காப்பாற்றிவிட்டார் என்றுதான் அப்போது நினைத்தேன். அவருக்கு அன்றிரவு மனதுக்குள் நன்றிகூடச் சொன்னேன். பல வருஷம் அந்த நன்றி என்னிடம் இருந்தது. எப்போது அழுகிப்போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை.

புடவையை மடித்து ஒரு நாற்காலியில் வைத்திருந்தார்கள். கூட்டம் அத்தனை பெரிது, நிற்க இடமில்லை; ஆனாலும் அதற்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அப்பாவை அழைத்துவரப் பள்ளிக் காவலாளி சைக்கிளில், துணி துவைக்கும் ஏரிக்கரைத் துறைக்குப் போயிருந்தார். எனக்கு அடி விழும் என்பது பெரிதாகத் தெரியவில்லை. இந்த ஒரு வீடு துணி போடுவதை நிறுத்தினால் அக்கா வீடு நிறுத்தும். இரண்டு வீடும் நிறுத்தினால் அந்தத் தெருவே நிறுத்திவிடும். அந்தத் தெருவின் துணிதான் எங்கள் அடுப்பு. அப்பா வரக் கூடாது என்று வேண்டினேன். பிறகு, சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்று வேண்டினேன்.

ஒரு விஷயத்தில் தைரியமாக இருந்தேன். காலையில் தலைக்குக் குளித்திருந்தேன். புடவை என் மேல் இருந்தது ஒரு மணி நேரம்கூட இருக்காது. ஒரு பொட்டு அழுக்கு இல்லை. அலசியவரே அப்பா, வந்து தொட்டுப் பார்த்தால் போதும், சுத்தமாகத்தான் இருக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார், விவகாரம் முடிந்துவிடும் என்று நம்பினேன்.

தேசிய கீதம் முடிந்து அதிகாரி காரில் ஏறிப் போனபின் அப்பா வந்தார். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. முழங்கையில் பூந்திக்கொட்டை நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. பந்தல் கயிற்றுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். நான் நின்ற பக்கம் திரும்பவில்லை.

“இன்னாப்பா, உம்பொண்ணு சுத்திக்கினு ஆடறதுக்கா எங்க பொடவய எடுத்துக்கினு போனே? இனிமே எங்க அக்கா வூட்டுப் பக்கமே வராத. எங்க வூட்டுக்கும் வராத” என்றார் மில் வீட்டம்மாள்.

இது சித்தியின் வேலை என்று அப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது; அவள் பேரைச் சொல்லியிருக்கலாம். அவளை இழுக்கவில்லை. நாற்காலியிலிருந்த புடவையை எட்டிப் பார்த்தார். சொல்லப் போகிறார் என்று நான் ஓரடி முன்னால் வந்தேன். அவர் ஈரக் கையைக் கூப்பினார்.

“எம்பொண்ணு ஒடம்பு பட்டத அப்படியே குடுத்துட மாட்டேங்கம்மா. மூணு தண்ணி மாத்தி அலசி, மஞ்சத்தண்ணி தெளிச்சி, நானே எடுத்தாந்து குடுக்கறேன். வூட்ட மட்டும் நிறுத்திடாதீங்கம்மா.”

மஞ்சள் தண்ணீர் பட்டால் பட்டில் கறை விழும், எத்தனை அலசினாலும் போகாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அதை எப்படி மறந்துபோனார் என்று யோசித்துக்கொண்டு மரத்தடியில் நின்றேன்.