காய்ந்த தரை

போட்டோவுக்காகக் கட்டிப் பூட்டிவைத்த கழிப்பறைகளை நிறையப் பார்த்தவள் நான். குருவிகுளம் பக்கம் அரசுக் கழிப்பறைத் திட்டத்துக்குக் கணக்கெடுக்கப் போனபோது, ஒரு வீட்டுக் கழிப்பறையில் தரை காய்ந்து கிடந்தது. வாளிகூட இல்லை.

"தெனமும் போறோம் மேடம்" என்றாள் வீட்டுக்காரி.

நான் நம்பவில்லை. 'பயன்பாட்டில் இல்லை' என்று எழுதினேன்.

காலையில் சங்கரன்கோவிலில் பஸ் ஏறியதிலிருந்து நான் எங்கும் ஒதுங்கவில்லை. எனக்கே அவசரம் வந்துவிட்டது. கூச்சத்தோடு கேட்டேன். அவள் அடுப்படியிலிருந்து குடிதண்ணீர்க் குடத்தையும் ஒரு செம்பையும் எடுத்து வந்தாள்.

"நாலு நாளைக்கு ஒருக்கத்தான் தண்ணி வரும். நாங்க ஆளுக்கு ரெண்டு செம்புதான், கீழ சிந்த மாட்டோம். நீங்க தாராளமா ஊத்துங்க மேடம்."

இரண்டு செம்புக்கு மேல் ஊற்ற எனக்குக் கை வரவில்லை. வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். நான் பயன்படுத்திய பிறகும் தரை காய்ந்துதான் கிடந்தது. முதலில் எழுதியதை அவள் பார்க்காதபடி அடித்துவிட்டேன்.