புறா வேட்டைக்கு வாங்கின சட்டை

எண்பதுகள் முடியிற நேரம் நடந்தது. லண்டனில, இல்ஃபோர்ட் பக்கம் ஒரு வாடகை வீட்டில நாங்கள் மூண்டு பேர் இருந்தம்: நான், மனிசி, மனிசியின்ர தங்கச்சி. மச்சாள் ஊரில இருந்து வந்து ரெண்டு மாசம்கூட ஆகேல்லை. அவவின்ர புருசனை ஆமி பிடிச்சுக்கொண்டு போனது, அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். கேட்டால் அவவுக்கு நோகும் எண்டு நான் ஒண்டும் கேக்கேல்லை. உண்மையைச் சொன்னால், கேக்கப் பயம்.

வந்த புதிசில மேல் அறையை விட்டு அவ இறங்கவே மாட்டா. சாப்பாட்டையும் மனிசிதான் மேல கொண்டுபோய்க் குடுப்பா. பிறகு மெல்ல மெல்லக் கீழ வரத் தொடங்கினா. ஒருநாள் நான் வைச்ச ரசத்தைக் குடிச்சுப்போட்டு, "அத்தான், இதைக் குடிச்சால் தடிமன் காய்ச்சலும் ஓடும், ஆளும் ஓடும்" எண்டு சொல்லிச் சிரிச்சா. அந்தச் சிரிப்பைக் கேட்டு மனிசி குசினிக்குள்ள நிண்டு அழுதவ.

அந்த நேரம் எனக்குப் பார்க்கிங் எண்ட பக்கத்து ஊரில ஒரு பெட்டி செய்யிற தொழிற்சாலையில வேலை. என்னோட ஒரே மெசினில நிண்டவர் ஒரு வெள்ளைக்காரர். கதை குறைவு, பகிடி கூட. சனி, ஞாயிறில எசெக்ஸ் பக்கம் ஒரு பண்ணையில புறாச் சுடப் போவார். பயிரைப் புறா தின்னுது எண்டு பண்ணைக்காரரே கூப்பிடுறது. அமெரிக்காவில இருக்கிற தமையனோட ஒருக்கா வான்கோழி வேட்டைக்கும் போனவராம். மணிக்கணக்கா அசையாமல் குந்தியிருந்து, வான்கோழி மாதிரிக் கத்தி அதைக் கிட்டக் கூப்பிட வேணுமாம். அந்தக் கதையைக் கேட்டு, எனக்கும் காட்டித் தாங்கோ எண்டு நான் ஆய்க்கினை குடுத்தன்.

இஞ்ச காட்டில வான்கோழி இல்லை, புறாவில தொடங்கு எண்டார். அதுக்குப் பெரிய சாமான் ஒண்டும் வேண்டாமாம். எயார் ரைபிள் தன்னட்ட ரெண்டு கிடக்காம். மங்கின நிறத்தில ஒரு பழைய கோட், ஒளிச்சிருக்க ஒரு வலை, நாலு பிளாஸ்டிக் புறா, அவ்வளவும் காணுமாம். பிளாஸ்டிக் புறாவை வயலில வைச்சால், இது பயமில்லாத இடம் எண்டு நினைச்சு உண்மைப் புறா வந்து இறங்குமாம்.

பழைய கோட் எண்டு அந்தாள் சொன்னது என்ர காதில ஏறேல்லை. பழைய ராணுவச் சாமான் விக்கிற கடைக்குப் போனன். அங்க எல்லாம் கொள்ளை மலிவு. பச்சையும் மண்ணிறமுமாத் திட்டுத் திட்டான சட்டை, அதே துணியில காற்சட்டை, தொப்பி, கறுத்தச் சப்பாத்து, வலை. முழு உடுப்பும் வாங்கிப்போட்டன் எண்டு எனக்குப் பெரிய புளுகமும் சந்தோசமும். ஊரில அந்த நிறத்தைக் கண்டு வேலி பாய்ஞ்சு ஓடினவன்தான் நானும். லண்டனுக்கு வந்து நாலு வருசத்தில அது எனக்கு வெறும் துணியாப் போச்சு.

சனிக்கிழமை காலமை மனிசி கடைக்குப் போட்டா. மச்சாள் மேல நித்திரை எண்டு நினைச்சன். உடுப்பைப் போட்டுக்கொண்டு பின் தோட்டத்துக்கு இறங்கினன். புல்லில நாலு புறாவையும் வைச்சன். வேலியோரச் செடிக்குள்ள வலையை இழுத்துப் போட்டு, கூட்டுற தும்புத்தடியைத் துவக்கு மாதிரி முழங்காலில வைச்சுக்கொண்டு குந்தினன். எவ்வளவு நேரம் அசையாமல் இருக்க ஏலும் எண்டு பழகிப் பாக்கத்தான்.

பின்கதவு திறந்துது. மச்சாள் உடுப்புக் கூடையோட வந்தா, கொடியில காயப்போட. நான் உடனே எழும்பியிருக்க வேணும். இஞ்ச இருக்கிறன் பிள்ளை எண்டு ஒரு சொல்லாவது சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை. இவவின்ர கண்ணிலயே படாட்டில் புறாவின்ர கண்ணில எங்க படப்போறன் எண்டு ஒரு விசர் எண்ணம். மூச்சையும் அடக்கிக்கொண்டு இருந்தன்.

மூண்டாவது உடுப்பைக் கொடியில போடேக்க அவ என்ர சப்பாத்தைக் கண்டா. பிறகு கண் மெல்ல மேல வந்துது. கத்துவா எண்டு நினைச்சன். கத்தேல்லை. ஈரப் புல்லில முழங்காலில இருந்தா. ஒரு கையை மேல தூக்கிக்கொண்டு, மற்றக் கையால சட்டைக்குள்ள இருந்து ஒரு சின்னப் பையை எடுத்து, அதுக்குள்ள இருந்த அடையாள அட்டையை என்னட்ட நீட்டினா. எங்கட ஊர் அடையாள அட்டை. இல்ஃபோர்டில ஒருத்தரும் கேக்காத அந்த அட்டையை அவ இவ்வளவு நாளும் நெஞ்சோட வைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறா.

"அவர் வீட்டில இல்லை ஐயா," எண்டா. "நான் மட்டும்தான் ஐயா."

"ஐயோ, நான் அத்தான், பிள்ளை!" எண்டு கத்திக்கொண்டு வலையோட எழும்பினன். நான் கிட்டப் போகப் போக அவ இன்னும் இன்னும் குனிஞ்சா. தும்புத்தடி என்ர கையிலயே இருந்திருக்கு. அது எனக்குத் தெரியேல்லை. அந்த நேரம் பாத்து மனிசி வந்திட்டா. கடைப் பையை எறிஞ்சுபோட்டு ஓடிவந்து தங்கச்சியைக் கட்டிப்பிடிச்சா.

"கழட்டுங்கோ! அந்தக் கோதாரியைக் கழட்டுங்கோ!"

பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா யன்னலால பாத்துக்கொண்டு நிக்க, அந்தக் குளிருக்குள்ள பெனியனோட நிண்டன். அதுக்கு வெக்கப்படக்கூட எனக்கு அப்ப நினைப்பில்லை.

பின்னேரம் மனிசி சொல்லித்தான் முழுக்கதையும் எனக்குத் தெரியும். ஊரிலயும் அண்டைக்கு அவ உடுப்புத்தான் காயப்போட்டுக்கொண்டு நிண்டவவாம். வேலியடியில ஆமி குந்தியிருந்தது தெரியாது. புருசன் எங்க எண்டு கேட்டிருக்கிறாங்கள். அவர் வீட்டில இல்லை எண்டு இவ சொல்லி முடிக்க முதல், ஒண்டும் அறியாமல் அந்த மனிசன் கிணத்தடியில குளிச்சுப்போட்டு வந்திட்டுது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதே எண்டு மனிசி கேட்டா. ரெண்டு மாசம் ஒரே வீட்டில இருந்தும் எனக்குத் தெரியாது.

மச்சாள் திரும்பவும் மேல் அறைக்குள்ள போனவதான். சாப்பாடு திரும்பவும் படியேறிப் போச்சு. மூண்டாம் நாள் மனிசியிட்ட, தனக்கு வேற இடம் பாக்கச் சொல்லியிருக்கிறா. சவுத்தாலில ஊர்ச் சினேகிதி ஒருத்தி இருக்கிறாவாம், அங்க போறாவாம். போறதுக்கு வேற இடமில்லாமல் எங்களை நம்பி வந்த பிள்ளை. என்னாலதானே இந்த வீடும் அவவுக்கு இல்லாமப் போகுது எண்டு நினைக்க எனக்குச் சோறு இறங்கேல்லை.

திங்கட்கிழமை வெள்ளைக்காரருக்குச் சொன்னன். அந்தாள், "நான் பழைய கோட் எண்டுதானே சொன்னனான். புறா துணியைப் பாக்கிறேல்லை, அசைவைத்தான் பாக்கும்" எண்டு மட்டும் சொன்னார்.

மன்னிப்புக் கேக்க மேல போக எனக்குத் துணிவில்லை. போனால் திரும்பவும் பயந்திடுவாவோ எண்டு வேற பயம். அதால ஒரு காரியம் செய்தன். வேலையால வந்து கதவுக்குத் திறப்பைப் போட முதல், வாசலில நிண்டு, "பிள்ளை, நான் அத்தான் வாறன்" எண்டு சத்தமாச் சொல்லுவன். படியேறினாலும் சொல்லுவன், தோட்டத்துக்கு இறங்கினாலும் சொல்லுவன். மேல ஒரு சத்தமும் இராது. ஆர் கேக்கினமோ இல்லையோ, கோயில் மணி மாதிரி நான் ஒவ்வொருநாளும் சொல்லிக்கொண்டுதான் இருந்தன்.

மூண்டு கிழமை போயிருக்கும். ஒரு பின்னேரம் வழமை மாதிரிச் சொல்லிப்போட்டுத் திறப்பை எடுத்தன். உள்ள இருந்து, கீழ குசினிக்குள்ள இருந்து, சத்தம் வந்துது.

"ஓம் அத்தான், வாங்கோ."

நான் திறப்பைப் போட முதல் அவவே வந்து கதவைத் திறந்தா. நிலத்தைப் பாத்துக்கொண்டு, "அண்டைக்கு நீங்கள் எண்டு எனக்குத் தெரிஞ்சது அத்தான். முழங்கால்தான் என்ர சொல்லைக் கேக்கேல்லை" எண்டா. சவுத்தாலுக்கு அவ போகேல்லை.

நானும் வேட்டைக்குப் போகேல்லை. அவவின்ர புருசனைப் பற்றி இண்டைவரைக்கும் ஒரு தகவலும் இல்லை. இப்ப அவ தனி வீட்டில இருக்கிறா, வாசலில மணியும் கிடக்கு. எண்டாலும் மணியை அடிச்சுப்போட்டு, நான் அத்தான் வாறன் எண்டு சத்தமாச் சொன்னால்தான் எனக்கு மனம் ஆறும். என்னத்துக்குப் பயந்து ஓடி வந்தவ எண்டு ஒரு வார்த்தை கேக்காமலே அவவுக்கு அடைக்கலம் குடுத்திட்டன் எண்டு நினைச்சிருந்தவன் நான். அதால என்ர குரலையாவது முதல் அனுப்பிப்போட்டுத்தான் அந்தப் படியில கால் வைக்க வேணும்.